நாற்காலி உடைந்ததால் கூடிவந்த சம்பந்தம்

இயேசு மரி சூசை துணை

நாகல் நகர், திண்டுக்கல்
8.2.2003, சனிக்கிழமை

பாசமிகு மச்சான் பிரான்சிஸ் அவர்களுக்கு ஞானதாஸ் எழுதிக்கொள்வது. நானும், தங்கள் தங்கை ஆனந்தமேரியும், தங்கள் மருமகளான என் மகள் பிரிஸ்கில்லாவும் ஆண்டவர் அருளால் சுகம். வீட்டுச் சாமான்கள்தான் அவ்வளவு சுகமில்லை.

தாங்கள் பார்த்துக் கொடுத்த அமலன் சம்பந்தம் முடிவாகி, தவக்காலத்துக்கு முன்பே கல்யாணம் என்று போன ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையும் வாசித்துவிட்டார்கள். ‘இத்திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும்’ என்று சாமியார் சொன்னபோது ஆனந்தமேரி பெண்கள் பக்கத்திலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்து முறைத்தாள். அவள் முறைத்ததற்குக் காரணம் உண்டு.

பிரிஸ்கில்லாவுக்குச் சென்னையில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்தது தங்களுக்குத் தெரியும். உதவித்தொகையும் தருகிறார்களாம். “அப்படி என்னத்தம்மா ஆராயப் போற?” என்று கேட்டதுதான் நான் செய்த வினை. அவள் சட்டை மாட்டும் கம்பி ஒன்றை எடுத்து இப்படியும் அப்படியும் வளைத்தாள். ஒரு தடவை வளைத்தால் ஒன்றும் ஆகவில்லை; வளைத்துக்கொண்டே இருந்தால் பட்டென்று போய்விட்டது. இரும்பும் களைத்துப்போகுமாம் மச்சான்! ரயில் சக்கரம், விமான இறக்கை, காற்றாலை எல்லாவற்றுக்கும் இந்தக் களைப்பு உண்டாம். எப்போது உடையும் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் படிப்பாம். முப்பது வருடம் வாத்தியாராக இருந்து நான் களைத்திருக்கிறேன், என் நாற்காலி களைத்ததை யோசித்ததே இல்லை. “ஞாயித்துக்கெழம லீவு விட்டா இரும்பு தேறிருமா?” என்று கேட்டேன். “தேறாதுப்பா. பட்டது பட்டதுதான்” என்றாள்.

அதற்குப் பிறகு எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. குடைக்கம்பி, கரண்டி, வாளிப் பிடி என்று ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தேன். “ரிட்டையர் ஆன மனுசன் செபமாலையை உருட்டுவாக, இவுக கரண்டிய ஒடிக்கிறாக! வெஞ்சனம் கிண்ட இனி கையத்தான் விடணும்” என்று ஆனந்தமேரி தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். ஆகவே கூடத்தில் இருந்த இரும்பு மடக்கு நாற்காலிக்கு மாறினேன். தினமும் விரிப்பதும், உட்கார்ந்து ஆடுவதும், மடக்குவதுமாக ஒரு வாரம். அது உடையவே இல்லை. பெண் பார்க்க வந்த அன்று, எத்தனையோ நாற்காலி கிடக்க, அமலனின் அம்மா அதில்தான் போய் உட்கார்ந்தார். எழுந்திருங்கள் என்று சம்பந்தியிடம் எப்படிச் சொல்வது? பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய் நாற்காலிக் காலருகே குனிந்தேன். அந்த அம்மா சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு நெளிய, கால் ஒடிந்து இருவரும் தரையில் கிடந்தோம். “ஒடஞ்சிருச்சு! ஒடஞ்சிருச்சு!” என்று சந்தோஷத்தில் கத்திவிட்டேன். கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

காப்பித் தட்டோடு வந்த பிரிஸ்கில்லா தட்டைக் கீழே வைத்துவிட்டு, அந்த அம்மாவைத் தூக்கி உட்கார வைத்தாள். பிறகு ஒடிந்த காலை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். “அத்தை, இந்த மங்கலா வழவழன்னு இருக்குல்ல, இது பழைய விரிசல். கொஞ்சம் கொஞ்சமா உள்ள போயிருக்கு. இந்தச் சொரசொரப்பா மினுக்குற ஓரம் மட்டுந்தான் இன்னைக்கு ஒடஞ்சது.”

“அப்ப என் வெயிட்டால இல்லங்கிற?”

“இல்லவே இல்ல அத்தை.”

அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “இம்புட்டு வெவரமான புள்ள எங்க வீட்டுக்கு வேணும்” என்று அங்கேயே சொல்லிவிட்டார். சொன்ன கையோடு, “படிச்சது போதும், ஆராய்ச்சியெல்லாம் வேணாம்” என்றும் சொன்னார். எந்தப் படிப்பால் பிடித்ததோ அதுவே வேண்டாமாம். பிரிஸ்கில்லாவிடம் கேட்டேன். “சரிப்பா” என்றாள்.

எனவே நான் உறுதியாக இருக்கிறேன். ஆராய்ச்சி கிடையாது, கல்யாணம்தான். சென்னையில் சேரக் கடைசி நாள் வரும் புதன்கிழமை. வரவில்லை என்று எழுதிவிடச் சொல்லியிருக்கிறேன். தாங்கள் முன்னின்று நடத்தித் தர வேண்டும். நிலக்கோட்டைச் சந்தையில் மல்லிகைக்கு இப்போதே சொல்லி வையுங்கள். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பும், மாதாவின் ஆசீரும்.

இப்படிக்கு,
தங்கள் மச்சான்
ஞானதாஸ்

பி.கு.: கடிதத்தைப் பெட்டியில் போடவில்லை, ஞாயிறு மாலை இதையும் எழுதி நாளை ஆள் கையில் அனுப்புகிறேன். காலையில் கோயிலுக்குக் கிளம்பும்போது மேசையில் அந்த நாற்காலிக் கால் கிடந்தது. பிரிஸ்கில்லா அதைத் துடைத்து வைத்திருந்தாள். ‘சென்னைக்கு எழுதிட்டியாம்மா’ என்றேன். “சரிப்பா, எழுதிர்றேன்” என்றாள். சின்ன வயதிலிருந்து இந்த ‘சரிப்பா’வை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டே அந்தக் காலை எடுத்துப் பழைய விரிசலைத் தடவிப் பார்த்தேன் மச்சான்.

இரண்டாம் ஓலை வாசித்துத் தடை உண்டா என்று சாமியார் கேட்டார். நான் எழுந்து நின்றேன்.

“என்ன வாத்தியாரே, பொண்ணோட அப்பாவே தடை சொன்னா எப்படி?”

“அவ சொல்ல மாட்டா சாமி. அதான் நான் சொல்றேன்.”

நாளை புது நாற்காலி ஒன்றை வாங்கிக்கொண்டு போய் அமலன் வீட்டில் மன்னிப்புக் கேட்கப் போகிறேன். தாங்களும் என்னைத் திட்டலாம், தாராளமாக. மல்லிகைக்குச் சொல்லியிருந்தால் நிறுத்திவிடுங்கள். இரண்டு முழம் மட்டும் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். செவ்வாய் ராத்திரி பிள்ளை சென்னைக்குப் பஸ் ஏறுகிறாள்.