என் கல்யாணத்தைக் கலைக்கப் பார்த்த இரண்டு பெட்டிகள்

சொந்தக் கல்யாணத்தைக் கெடுத்துக்கொள்ள எதிரிகள் தேவையில்லை. கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் போதும். எனக்கு அது தேவைக்கு மேலேயே இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. ஜார்ஜ் டவுனில் ஒரு சின்ன கம்பெனியில் இணையப் பக்கங்கள் செய்துகொண்டிருந்தேன். ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவன் பினாங்குத் தீவிலேயே நான் ஒருவன்தான் என்று நினைப்பு. (பக்கத்து மேசைகளிலேயே நான்கு பேர் இருந்தார்கள்.) எனக்குக் கலாவைப் பிடித்திருந்தது, கலாவுக்கும் என்னை. ஜோசியரும் தலையாட்டிவிட்டார். நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்க, ஓய்வுபெற்ற அரசாங்கக் கிராணியான, அதாவது குமாஸ்தாவான, அவள் அப்பா என்னை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னார்.

பழம் வாங்கிப் போயிருக்கலாம். நான் ஃபிளாப்பி கொண்டுபோனேன். உள்ளே, நானே எழுதிய ‘பொருத்தம் பார்க்கும்’ பக்கம்.

நட்சத்திரத்தைக் கேட்டு நினைவில் வைத்துக்கொள்ளும் ஒரு பெட்டியை ஒரே ஒரு முறை எழுதி, அதையே பக்கத்தில் இரண்டு இடத்தில் வைத்திருந்தேன்: மாப்பிள்ளைக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. தனித்தனியாகச் சோதித்தபோது இரண்டும் தங்கமாக வேலை செய்தன. சேர்த்து வைத்துச் சோதிக்க வேண்டும் என்று தோன்றவில்லை. (கல்யாணத்துக்கான பக்கம் என்பது மறந்துபோயிற்று.)

அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் எனக்கு ரோகிணி, கலாவுக்கு மகம் என்று கொடுத்துப் பொத்தானை அமுக்கினேன்.

‘ரஜ்ஜு பொருத்தம் இல்லை. திருமணம் கூடாது.’

கலாவின் அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாம் முறை படித்தார். “ஜோசியரு வேற மாதிரி சொன்னாரே, தம்பி.”

“கம்ப்யூட்டர் தப்பு பண்ணியிருக்கும் ஐயா.”

“நேத்து போன்ல, கம்ப்யூட்டர் தப்பே பண்ணாதுன்னீங்க.”

அவர், நாள் குறிக்க எடுத்து வைத்திருந்த நாள்காட்டியை மெதுவாக மூடி அலமாரியில் வைத்தார். என் ஆயுள் உள்ளே போய்க் கதவடைத்த மாதிரி இருந்தது.

“இருங்க, நம்மளத போட்டுப் பார்ப்போம். எனக்கு அனுஷம், கலா அம்மாவுக்கு ரேவதி” என்றார்.

‘ரஜ்ஜு பொருத்தம் இல்லை. திருமணம் கூடாது.’

தேநீர் கொண்டுவந்த கலாவின் அம்மா திரையைப் பார்த்தார். “முப்பது வருஷமா எனக்கும் அந்தச் சந்தேகம்தான்” என்று தட்டைக் கீழே வைத்தார். “தம்பி, அத ஒரு தாள்ல எடுத்துக் குடுங்க.”

எடுத்துக் கொடுத்தேன். பிரின்டர் மட்டும் ஒழுங்காக வேலை செய்தது.

கலா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பழுது கண்டுபிடிப்பதுதான் அவள் உத்தியோகம். ஆறு ஜோடி நட்சத்திரம் கொடுத்தாள். ஆறுக்கும் கல்யாணம் கூடாது.

“மாப்பிள்ளை நட்சத்திரத்த எங்க வெச்சிருக்கீங்க?”

“பெட்டிக்கு வெளியே, மேலே, ஒரு மாறியில். மதிப்பைப் போட்டு வைக்கிற டப்பா மாதிரி.”

“பொண்ணோடத?”

திரையில் விரலை ஓட்டினேன். அதே மாறியில்தான் வந்து நின்றது.

“ரெண்டுக்கும் ஒரே டப்பாவா? அப்ப கடைசியா வந்தவங்க, முன்னால வந்தவங்கள அழிச்சிட மாட்டாங்களா?”

அதுதான் நடந்திருந்தது. பெண்ணின் மகம் வந்து உட்கார்ந்ததும் என் ரோகிணி காணாமல் போய்விட்டது. மகத்துக்கும் மகத்துக்கும் பொருத்தம் பார்த்தால் ஒரே ரஜ்ஜுதானே, ஒரே ரஜ்ஜு என்றால் கல்யாணம் கூடாது! பினாங்கில் எவருக்குமே நான் கல்யாணம் நடக்கவிட்டிருக்க மாட்டேன்.

“ஆளுக்கொரு டப்பா குடுங்க லா” என்றாள்.

மாறியைப் பெட்டிக்குள்ளேயே, பெட்டிக்கு ஒன்றாகப் பிறக்கும்படி மாற்றினேன். மூன்று வரி வேலை. ரோகிணியும் மகமும் பொருந்தின. ஐயா நம்பவில்லை; கலா அமுக்கிக் காட்டிய பிறகுதான் நாள்காட்டி வெளியே வந்தது.

ஆனால் அவர்களுடைய நட்சத்திரங்களைத் திரும்பப் போட்டுப் பார்க்க கலாவின் அம்மா, அதாவது என் மாமி, சம்மதிக்கவே இல்லை. அந்தத் தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு, கல்யாணப் பத்திரத்தோடு வைத்திருக்கிறார். இன்றைக்கும் மாமா குரலை உயர்த்தினால், “பேசாதீங்க, நமக்குப் பொருத்தம் இல்லைன்னு எழுத்துலயே ஆயிருச்சு” என்று உறையை எடுத்து மேசையில் வைப்பார். மாமா அவரை விட்டுவிடுவார். என் பக்கம் திரும்பித்தான் முறைப்பார்.