வங்கித் தூணில் ஒரு கொளுக்கி

புத்தளம்,
செவ்வாய், அஸர் தொழுகைக்குப் பிறகு.

மதிப்புக்குரிய சாரா உம்மா ராத்தாவுக்கு, தம்பி இஸ்ஸதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் என் முழங்கால் வலியும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். மன்னாரில் நீங்களும் மகன் ஸப்ரானும் அவ்வாறே இருக்க துஆச் செய்கிறேன்.

களப்புக் கரையில் வெள்ளைக்காரன் கிரேக்கக் கோயில் மாதிரிக் கட்டிவிட்டுப் போன பழைய வங்கியைத் திருத்தி நூலகமாக்குகிறார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் சும்மாதானே இருக்கிறார் என்று என்னைத் திருத்தக் குழுச் செயலாளர் ஆக்கினார்கள். அன்றைக்குப் போன நிம்மதி இன்னும் திரும்பவில்லை. தூண்களின் முதல் நிறம் என்னவென்று சுரண்டினால் வெள்ளைக்குக் கீழே நீலம், அதற்குக் கீழே பச்சை. இரண்டும் கட்சி நிறங்கள், முதலில் பூசியது எந்தக் கட்சிக்காரன் என்று ஊர் இரண்டுபட்டது. மேசன் மிஹ்லார் முகப்பில் ஏறிப் புறாக்களைக் கலைக்க, அவை என் வீட்டுக் கூரைக்குக் குடிவந்தன. அதையெல்லாம் பொறுத்தேன், ராத்தா. நேற்று, கொழும்பிலிருந்து வந்த கட்டடக்கலைஞர் ஷிம்லா தூணில் இருந்த வளைந்த இரும்புக் கொளுக்கியைக் காட்டி, "சேர், இது கட்டடத்தோட சேர்ந்ததில்ல, கழட்டணும்" என்றாள். "ஓம், ஓம்" என்று நானும் பார்க்காமலே தலையாட்டினேன். மிஹ்லார் இழுத்த இழுப்பில் கொளுக்கியோடு ஒரு பாளம் சுண்ணாம்புச் சாந்தும் என் காலில் விழுந்தது. வலியில் கத்தினேனா, வேறெதற்குக் கத்தினேனா தெரியாது.

"பிள்ள, அது எங்கட தொட்டில் கொளுக்கி!"

தொண்ணூறில், யுத்தத்தில் முஸ்லிம்களென்று மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து, மழைக்கு அந்த வங்கி விறாந்தையில் நாம் ஒதுங்கியதைச் சொன்னேன். அன்றைய மனேஜர் தாமே சுத்தியலோடு வந்து கொளுக்கியை அடித்துத் தந்ததையும், அதற்கும் யன்னல் கம்பிக்கும் நடுவே நீங்கள் சாரியைக் கட்டி, பால்குடி ஸப்ரானைப் போட்டதையும் சொன்னேன்.

ஷிம்லா கேட்டுவிட்டு, "கவலையா இருக்கு சேர். ஆனா கட்டின காலத்துக் கோலத்துல திருத்தத்தான் அனுமதி தந்திருக்காங்க" என்றாள்.

"அந்தக் காலத்துல நாங்க இல்ல. அப்ப எனக்கு இங்க என்ன வேல?" என்று இராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டேன். வழியெல்லாம் யோசித்தேன். மழைக்கு ஒதுங்கினவனுக்கு ஒரு தூணில் என்ன உரிமை? ஆனாலும் இந்த ஊரில் எங்களுக்கென்று முதன்முதல் அடிக்கப்பட்ட ஆணி அதுதானே, ராத்தா?

ஆகவே வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன், நீங்கள் திரும்பிப்போனது போல எனக்கும் இனி மன்னாரில்தான் இருப்பு. எனக்கு ஒரு பாய் போதும். பெரியவர்களுக்கு ஸலாம், பேரப்பிள்ளைகளுக்கு முத்தம், உங்கள் முதுகுவலிக்கு என் துஆ.

இப்படிக்கு,
தம்பி இஸ்ஸதீன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஷிம்லா வந்து இராஜினாமாவைத் திருப்பித் தந்தாள். "யோசிச்சுப் பார்த்தேன் சேர். அதுவும் இந்தக் கட்டடத்துல நடந்ததுதானே. அனுமதிக்காரங்களோட நான் கதைக்கிறேன். ஆனா கொளுக்கியத்தான் காணல்ல!" உங்களிடம் கொண்டுவர என் பயணப் பையில் ஒளித்து வைத்திருந்ததை வெட்கத்தோடு எடுத்துக் கொடுத்தேன். அனுமதி கிடைத்ததும் மிஹ்லார் அதை அதே தூணில் திரும்ப அடிப்பார். ஆகவே நான் வரவில்லை, நீங்கள் வாருங்கள். ஸப்ரானையும் கூட்டி வாருங்கள். ஆனால் அவனுடைய இப்போதைய எடைக்குத் தான் பொறுப்பில்லை என்கிறார் மிஹ்லார்.