கோழிக்குத் தலைப்பாகை கட்டியது யார்?

பழைய வேலைகளை அசைபோடும் விளம்பர டிசைனர் என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். சேலத்திலிருந்து நாமக்கல் போகும் பேருந்தில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, ஜவ்வரிசி மூட்டை, போர்வெல் ரிக் கம்பெனி, காதுகுத்து பேனர், நகைக்கடை என்று சன்னலில் எந்தப் போர்டு வந்தாலும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டே வருவாரே, அவர்தான். தீர்ப்புகள் இரண்டே. நன்றாக இருந்தால், "நம்ம கைங்க." இல்லாவிட்டால், "நாம போட்டது வேறங்க, ஓனர் உள்ள பூந்து கெடுத்துட்டாரு."

ஓனர்கள் கெடுக்கிறவர்கள்தான், மறுக்கவில்லை. டிசைனர் மவுசைப் பிடித்திருக்க, ஓனர் பிளாஸ்டிக் நாற்காலியை ஒட்டிப் போட்டுக்கொண்டு, "குலசாமிய மேல ஏத்துங்க, மச்சானை ஓரமாத் தள்ளாதீங்க, கோவிச்சுக்குவாரு, போன் நம்பரைப் பெருசாக்குங்க" என்று திரையைத் தொட்டுத் தொட்டுச் சொல்லுவார். அதற்காகப் பழியெல்லாம் அவருக்கு, புகழெல்லாம் நமக்கு என்றால் எப்படி?

நாமக்கல் வேலுமணியைப் பாருங்கள். இப்போது அவரவர் பேனரை அவரவரே போனில் செய்துகொள்வதால் கடைக்கு ஆள் வருவதில்லை. சும்மா இருக்கும் நேரமெல்லாம் பழைய வேலைகளைத் திரையில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்போதுதான் மல்லசமுத்திரத்தில் எண்ணெய்ச் செக்கு வைத்திருக்கும் கோகிலவாணி வந்தார். பாட்டில், பை, வண்டி, போர்டு எல்லாவற்றுக்கும் டிசைன் வேண்டுமாம். இந்த வேலை கிடைத்தால் கடை தப்பும். இல்லாவிட்டால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

வேலுமணி தன் நகைக்கடை விளம்பரங்களை ஓட்டினார். கூடவே, தான் தொடாத நாலைந்தையும் "நம்ம கைங்க" என்று சேர்த்துக்கொண்டார். கோகிலவாணி பொறுமையாகப் பார்த்தார்.

"ஏனுங்க, புதுச்சத்திரத்துக்கிட்ட முட்டைக் கம்பெனி போர்டு ஒண்ணு இருக்குதே, கோழி தலைப்பாகை கட்டி மீசைய முறுக்கிட்டு நிக்கும். அது நீங்க போட்டதுங்களா?"

அந்தத் தலைப்பாகையை முட்டைக் கம்பெனி ஓனர் கேட்கவே இல்லை. அவர் டீ குடிக்கப் போன நேரத்தில், ஏதோ ஒரு குஷியில், வேலுமணியே கட்டிவிட்டது. முட்டையிடும் கோழிக்கு மீசை வைத்ததும் அவரேதான். அது அப்படியே போர்டாகவும் ஏறிவிட்டது. பிறகு வெட்கப்பட்டு அந்த ஃபைலையே அழித்துவிட்டார். இந்த அம்மாளும் கேலிதான் செய்கிறார் என்று நினைத்தார்.

"சேச்சே, அது நம்மளுது இல்லீங்க. அந்த மாதிரி வேலையெல்லாம் தொடறதே இல்லீங்க."

"அப்படிங்களா." கோகிலவாணி பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "எம்பொண்ணு அந்தக் கோழியப் பாக்கறதுக்குன்னே பஸ்ஸுல சன்னலோரம் கேப்பா. அடுத்த ஊரு வர்ற வரைக்கும் சிரிச்சுட்டே வருவா. அந்த ஆளு கையிலதான் குடுக்கோணும்னு தேடிட்டு வந்தனுங்க. பரவால்லீங்க, வேற பக்கம் விசாரிச்சுக்கறேன்."

வேலுமணி வாசல்வரை ஓடினார். "அது நாந்தானுங்க. மீசை, தலைப்பாகை எல்லாமே நாந்தானுங்க."

"நல்லாருக்குன்னு சொன்னதும் உங்களுது ஆயிருச்சுங்களா?" என்று சிரித்தபடியே அவர் படியிறங்கிப் போனார்.

பாவம் வேலுமணி. ஆயுளில் முதல்முறையாக உண்மையைச் சொன்னார், நம்புவதற்குத்தான் ஆளில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நான் டிசைனர் இல்லையே என்று தைரியம். சரி, போன தீபாவளிக்கு முறுக்கு மொறுமொறுவென்று வந்தபோது அது யார் கைப்பக்குவம்? அடுத்த ஈடு கருகியபோது அடுப்பருகே நின்றது யார்? பதில் சொல்ல வேண்டாம். அடுத்தமுறை புதுச்சத்திரம் தாண்டும்போது மட்டும் சன்னலோரம் உட்காராதீர்கள். மீசைக்காரக் கோழி உங்களை அடையாளம் கண்டுகொள்ளும்.