வரலாம், வரலாம்!

2025 மார்ச் ஒன்பதாம் தேதி, ஞாயிறு காலை ஏழே கால் மணிக்கு, செம்பாக்கத்தில் புதிதாகக் குடியேறியிருந்த தோத்தாத்ரி தம் புதுக் காரை வாசலிலிருந்து பின்னோக்கி எடுத்தபோதுதான் அந்த இனத்தை முதன்முதலாகச் சந்தித்தார்.

"வரலாம், வரலாம்! லெஃப்ட்ல ஒடிங்க... ரிட்டன் பண்ணுங்க... போதும்!"

காரின் முதுகில் பட், பட் என்று இரண்டு அறை. யார் அழைத்தார்கள்? ஒருவருமில்லை. வாசகர்களே, அழைக்காமல் வருவதுதான் 'ரிவர்ஸ் பார்ப்போர்' என்னும் இவ்வினத்தின் இலக்கணம்.

எதிர்வீட்டுச் சாலமன் அதன் முழு உருவம். என்றோ தேவாலய வாசலில் போதகரின் வேன் தூணில் இடிக்காமல் காப்பாற்றப்போய், "கர்த்தர்தான் உங்கள அனுப்புனாரு, பிரதர்" என்று அவர் பேச்சுவாக்கில் சொல்லிவிட, அன்றுமுதல் தண்ணீர் லாரியோ பள்ளி வேனோ குழந்தையின் தள்ளுவண்டியோ எது பின்னால் நகர்ந்தாலும் கையை உயர்த்திக்கொண்டு ஓடுபவர். அமரர் ஊர்தியைக்கூட "வரலாம், வரலாம்" என்று வரவேற்றுத் துக்க வீட்டாரை நடுங்கவைத்தவர்.

எதிர்ப்பு இல்லாமலா?

"யோவ், நவுருய்யா! மொத பலி நீதான்!" என்றார் லாரி டிரைவர்.

"இட்லி ஆறிப்போச்சு. சாப்பிட வேணாம்னும் கர்த்தர் சொன்னாரா?" என்றார் சாலமனின் மனைவி ஜாஸ்மின்.

காரில் ஒரு கீறலும் விழாமல் காப்பதையே வாழ்க்கை லட்சியமாகக் கொண்ட தோத்தாத்ரியோ, "சார், இதுல கேமரா இருக்கு. தயவுசெஞ்சு அறையாதீங்க" என்று கெஞ்சினார்.

"கேமராவ வெச்சது கம்பெனி சார். என்ன வெச்சது கர்த்தர்."

பட், பட்.

பிறகு தோத்தாத்ரி, சாலமன் ஆராதனைக்குப் போகும் நேரம் பார்த்தே காரை எடுக்கப் பழகினார். ஆனால் டிசம்பரில் ஒரு காலை, ஏரி தெருவுக்கே குடிவந்துவிட்டது. மூழ்காமலிருக்கக் காரைப் பின்னால் எடுத்து மேம்பாலத்தில் ஏற்றியாக வேண்டும். சாலை எது, மூடியில்லாத கால்வாய் எது? கேமராவில் தண்ணீர் மட்டுமே தெரிந்தது. தண்ணீரில் சாலமன் தெரிந்தார், பின்வாக்கில் நடந்தபடி.

"வரலாம், வரலாம், வரலா..."

திரையில் இப்போது சாலமன் இல்லை. தோத்தாத்ரி பிரேக்கை மிதித்தார்.

"போதும் சார்! கால்வா இங்கதான் கீது!" என்று கழுத்தளவு நீரிலிருந்து குரல் வந்தது. "ரைட்ல ஒடிச்சு நேரா போங்க!"

தோத்தாத்ரி ரைட்டில் ஒடித்தார். நேராகப் போயே போய்விட்டார்.

மேம்பாலத்தில் முன்பின் அறியாத ஒருவர் காரைப் பின்னால் எடுக்க, தோத்தாத்ரியின் வலக்கை தானாக உயர்ந்தது. ஆம், இது தொற்றும். சிரிக்கிறீர்களே, போன வாரம் கல்யாண மண்டப வாசலில் யாரோ வண்டியை எடுத்தபோது பாதிப் பாயசத்தை விட்டுவிட்டு ஓடியவர் யார்?

சாலமனைக் கால்வாயிலிருந்து தூக்கியவர் ஜாஸ்மின். தமக்கு வழி காட்டியவருக்குத் தோத்தாத்ரி ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை; சாலமனும் இன்றுவரை கேட்டதில்லை.