குல்ஃபிக்குப் போட்ட ஏசி

கிட்டு அன்று காலை காபி குடிக்கும்போதே முடிவு கட்டிவிட்டார். இன்று மத்தியானம் ஏசியில் தூங்கியே தீருவது!

பாவம், அவர் நிலைமை அப்படி. தார்நாகாவில் ஆராய்ச்சிக்கூட வேலை. சர்வீஸ் முழுக்க ஒரு ஜெர்மன் மெஷினுக்குப் பக்கத்து நாற்காலி. மெஷினுக்குச் சூடு ஆகாது என்று அறைக்கு ஏசி போட்டிருந்தார்கள். அதன் புண்ணியத்தில் மே மாதத்திலும் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு வாழ்ந்த மனுஷர். மார்ச்சில் ரிட்டையர் ஆனார். நேராக ஹைதராபாத் வெயிலின் வாயில் போய் விழுந்தார்.

வீட்டில் ஏசி இல்லாமல் இல்லை. படுக்கையறையில் இருக்கிறது. ஆனால் பெங்களூரிலிருந்து பெண் மஹதி வந்தால் மட்டும்தான் ஓடும். மற்ற நாட்களில் அதன் ரிமோட் பிளாஸ்டிக் உறையோடு பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் யோக நித்திரை செய்யும். பீரோச் சாவி மனைவி கல்பகத்தின் இடுப்பில். அதைக் கேட்கிற தைரியம் கிட்டுவுக்கு இதுவரை வந்ததில்லை.

இந்தக் கோடையில் மஹதி ஆபீஸ் வேலையாகச் சிங்கப்பூர் போய்விட்டாள். அவளுக்குப் பதில் அவளுடைய நாய் வந்திருந்தது. பெயர் குல்ஃபி. பெயரில் மட்டும்தான் குளிர்ச்சி. கீழே குழந்தைகளோடு பந்துக்கு ஓடிவிட்டு வந்து, நாக்கை முழ நீளத்துக்குத் தொங்கவிட்டு இரைத்துக்கொண்டிருந்தது.

அந்த நாக்கைப் பார்த்ததும் கிட்டுவுக்குப் பொறி தட்டியது. ஆஹா! மெஷின் கிடைத்துவிட்டது!

உடனே மஹதியை வீடியோவில் கூப்பிட்டார். நாக்கைக் கிட்டத்தில் காட்டினார்.

"கொழந்தை தவிக்கறதும்மா!"

"ஐயோ பாவம், பேச்சாரி! ஏசி ஆன் பண்ணுப்பா, ப்ளீஸ்! அம்மாகிட்ட போனைக் குடு!"

கல்பகம் போனில் "உம், உம்" என்றாள். பிறகு கணவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏன்னா, ரொம்பக் கொதிக்கறதோ?"

"நெருப்பு! அப்படியே நெருப்பு!"

"நாய்க்கா, உங்களுக்கா?"

"சேச்சே! எனக்கென்ன? நான் கட்டாந்தரையிலே படுத்துப்பேன்!"

"சொன்னதை ஞாபகம் வெச்சுக்கோங்கோ. ஏசி நாய்க்குத்தான். அது உள்ளே இருக்கற வரைக்கும் ஓடட்டும். வெளியே வந்துடுத்துன்னா?"

"ரிமோட் பீரோவுக்கு! லேப்லேயும் அதுதானே ரூல்? மெஷின் இல்லேன்னா ஏசி நக்கோ, வேண்டவே வேண்டாம்!"

அவர் வாயாலேயே வந்துவிட்டது. கல்பகம் சிரித்துக்கொண்டே பீரோவைத் திறந்தாள்.

மத்தியானம் சாப்பாடு ஆனதும் குல்ஃபியை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார் கிட்டு. ஜில்லென்று காற்று வந்தது. கண்ணில் ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது. தேடிப்பிடித்துப் பழைய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டார். தலையணையைத்தான் காணோம். போகட்டும், சொர்க்கத்தில் தலையணை எதற்கு? அப்படியே சாய்ந்தார்.

வெளியே சளசளவென்று தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. குல்ஃபி ஒரு காதைத் தூக்கியது. அடுத்து டேபிள் ஃபேன் கடகடவென்று சுழலும் சத்தம். இரண்டாவது காதும் எழுந்தது.

"இரு கண்ணு! எங்கேயும் போகப்படாது!"

பிஸ்கட் ஒன்றை நீட்டினார். தின்றுவிட்டுக் கதவைப் பார்த்தது. இன்னொன்று. மறுபடியும் கதவு! பாக்கெட்டே காலி.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. எவர்சில்வர் கிண்ணத்தில் ஐஸ்கட்டி விழுகிற சத்தம். ணங்!

ஒரே பாய்ச்சல்! குல்ஃபி கதவைப் பிறாண்டியது. கிட்டு கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தார். குல்ஃபி அவரை இழுத்தது. "ராஜாத்தி! என் செல்லமே! இன்னும் பத்தே நிமிஷம்!" என்று அவர் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே கதவு வெளியிலிருந்து திறந்தது. ஸ்வெட்டரும் அவருமாகக் கிட்டு ஹாலுக்கு இழுத்துவரப்பட்டார்.

அங்கே ஃபேனுக்கு எதிரே நனைத்த கோணிச்சாக்கு. பக்கத்தில் ஐஸ் மிதக்கும் தண்ணீர். குல்ஃபி நக்கி நக்கிக் குடித்தது. பிறகு சாக்கில் வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டது.

"அது வந்த அன்னிக்கே நாய் டாக்டர் பூர்ணாவைக் கேட்டுட்டேன்" என்றாள் கல்பகம். "நிழல், ஈரத்தரை, காத்து, தண்ணி. இது போறும்னா. தினமும் நீங்க மொட்டைமாடிக் கதவண்டை நின்னுண்டு வெயிலைத் திட்டறச்சே, இது இங்கே இப்படித்தான் தூங்கறது."

ரிமோட்டை அழுத்தினாள். ஏசி பெருமூச்சு விட்டு அடங்கியது. ரிமோட் உறைக்குள் போயிற்று, உறை பட்டுப்புடவைக்கு அடியில் போயிற்று, சாவி இடுப்புக்கு ஏறியது.

"கல்பகம்... அப்போ நான்?"

"உங்களை விட்டுடுவேனா?"

அவள் காட்டிய பக்கம் கிட்டு திரும்பினார். குல்ஃபியின் சாக்குக்குப் பக்கத்தில், கட்டாந்தரையில், ஆள் நீளத்துக்கு இன்னொரு ஈரச்சாக்கு. அதன் தலைமாட்டில், காணாமற்போன அவருடைய தலையணை.