கிழங்கு பொறுக்கத் தெரியாதவன்

இனி ஜென்மத்துக்கும் பன்றிக்குக் கிழங்கு பொறுக்குவதில்லை என்று அன்று காலை முடிவெடுத்தேன்.

என் கதி உங்களுக்குத் தெரியாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அரை ஏக்கர் நிலமும் ஒரு பன்றியும் இருந்தால் நிம்மதி என்றார்கள். நிம்மதி பன்றிக்குத்தான். அது படுத்திருக்கிறது. நான் தினமும் ஒரு கூடை உருளைக்கிழங்கைக் கொட்டி, பச்சை பாரித்ததைத் தூக்கிப் போட்டு, முளை கிள்ளி, வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டி, ஆறவைத்துப் பரிமாறுகிறேன். எனக்கு இந்த வீட்டில் ஆறின காபிதான்.

"காட்டுப் பன்னிக்கு யாரும்மா வேகவெச்சுக் கொடுக்கறாங்க?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"அதுக்கு வேற வழியில்ல. நம்ம பன்னிக்கு நீங்க இருக்கீங்க. சினையா இருக்கு, பார்த்துப் பொறுக்குங்க."

முப்பது வருஷம் ஆபீஸில் ஒரே தந்திரத்தில் பிழைத்தவன் நான். ஒரு வேலையைக் கேவலமாகச் செய்தால் இரண்டாம் தடவை தர மாட்டார்கள். பச்சையும் முளையுமாக எட்டுக் கிழங்கைத் தேடி எடுத்து, அண்டாவில் மேலாகத் தெரியும்படி போட்டு வேகவைத்தேன். பார்ப்பாள், தலையில் அடித்துக்கொள்வாள், "விடுங்க, நானே செஞ்சுக்கறேன்" என்பாள்.

மூடியைத் திறந்தாள். "பரவாயில்லையே. இன்னிக்கு அழகாப் பொறுக்கியிருக்கீங்க."

"நல்லாப் பார்த்தியா?"

"பார்த்தேனே."

"கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாரேன்."

"எதுக்கு? உங்க மேல நம்பிக்கை இருக்குங்க."

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் கேட்காத வார்த்தை. பாழாய்ப்போன இன்றைக்கா வர வேண்டும்?

குளித்துவிட்டு வந்தால் வாளியோடு கொட்டிலுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். பன்றி எழுந்து நிற்கிறது. வயிறு தரையைத் தொடுகிறது. குட்டி போட இன்னும் ஒரு வாரம். நேற்றுதான் அந்த வயிற்றில் கை வைத்து, உள்ளே உதைப்பதை எண்ணிக்கொண்டிருந்தேன். துண்டோடு ஓடினேன்.

"கொட்டாதே, நில்லு. அதுல பச்சைக் கிழங்கு இருக்கு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் பொறுக்கிப் போட்டேன். எட்டு."

"அதான் வெந்துடுச்சே."

"வெந்தாலும் விஷம் போகாதும்மா. முளையில இன்னும் ஜாஸ்தி. அந்தத் தண்ணியக்கூட வைக்கக் கூடாது. வயித்துல குட்டி இருக்கு."

வாளியைக் கவிழ்த்தாள். கண்ணை மூடிக்கொண்டேன். கறுக் கறுக்கென்று சத்தம். திறந்து பார்த்தால், துண்டு துண்டாக நறுக்கின கேரட்.

"நீங்க குளிக்கப் போனதுமே அண்டாவைக் குழியில கவிழ்த்து மண்ணைத் தள்ளிட்டேன்."

"அப்ப எதுக்கு இந்த நாடகம்?"

"தெரியாமப் பண்றீங்களா, தெரிஞ்சு பண்றீங்களான்னு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். தெரியாதவர்னா நானே செஞ்சுடலாம்னு இருந்தேன். இவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்கீங்க, நான் எதுக்குக் குறுக்க?"

அடுத்த வாரம் பன்றி குட்டி போட்டது. பதினொன்று. தாயும் குட்டிகளும் சௌக்கியம். பசியில் எல்லாம் தாயை மொய்த்துக்கொண்டிருக்கின்றன. அத்தனைக்கும் சமைக்கத் தெரிந்தவன் இந்த வீட்டில் நான் ஒருவன்தானாம்.