ரங்கூன் டைப்பிஸ்ட் கட்டிய காப்பு

திருமயத்துக்குத் தெற்கே காலடி எடுத்து வைக்காமலே ரங்கூன்காரர் என்று பெயர் வாங்கிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் புதுக்கோட்டையில் எங்கள் தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தார். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும் தெரியும். எங்களுக்கு அவர் ரங்கூன் டைப்பிஸ்ட்.

அறுபதுகளின் நடுவில், பர்மாவிலிருந்து நம் ஜனங்கள் கப்பல் கப்பலாகத் திரும்பிக்கொண்டிருந்த நேரம். ரங்கூனில் கடை வைத்திருந்த அவருடைய தம்பி கடிதம் போட்டிருந்தார். தம்பியின் மனைவி பர்மாக்காரி. அவளுக்கு மட்டும் கப்பலில் இடம் கிடைத்திருக்கிறது, ஒன்றரை மாதத்தில் வந்து சேருவாள், தான் அடுத்த கப்பலில்தான் வர முடியும் என்று எழுதியிருந்தார். கடைசி வரியை டைப்பிஸ்ட் எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினார். "அண்ணே, அவளுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. பேச ஆளில்லாம தவிச்சுப் போயிருவா. பாத்துக்கங்க."

"வந்து மெதுவாத் தமிழ் கத்துக்கட்டுமேண்ணே," என்றேன்.

"அதுவரைக்கும் அது ஊமையாவா இருக்கும்? நாமதான் படிக்கணும்."

மறுநாள் காலையில் திருக்கோகர்ணம் கோயிலுக்குப் போய் மணிக்கட்டில் மஞ்சள் காப்பு கட்டிக்கொண்டு வந்தார். ஊரில் காவடிக்குக் காப்பு கட்டுவார்கள், தீ மிதிக்கக் கட்டுவார்கள். பர்மிய மொழிக்குக் காப்பு கட்டியவர் அவர் ஒருவரே. ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், வாயில் தமிழ் வராது என்று அம்பாளிடம் சத்தியம் செய்திருந்தார்.

குரு கிடைத்தது திருமயம் பஸ் ஸ்டாண்டில். ரங்கூனில் ஒரு பெரிய வீட்டில் சமையல்காரராக இருந்துவிட்டு வந்து டீக்கடை போட்டிருந்த ஆள். டைப்பிஸ்டைவிடப் பத்து வயது சின்னவர். ஆபீஸ் விட்டதும் டைப்பிஸ்ட் பஸ் ஏறிவிடுவார். டீக்கடைக்காரர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொல்லச் சொல்ல, இவர் கண்ணீர் விட்டுக்கொண்டே எழுதிக்கொள்வார். காலையில் ஆபீஸுக்கு வந்ததும் எல்லாவற்றையும் சீட்டுகளில் தட்டி நாற்காலியில், பானையில், கதவில் ஒட்டிவிடுவார். ஒருநாள் தாசில்தார் கோட்டிலும் ஒரு சீட்டு இருந்தது. அது காற்றில் பறந்து வந்து ஒட்டியது என்று நாங்கள் சாதித்தோம்.

தாசில்தார் ஃபைல் கேட்டால் பதில் பர்மிய மொழியில் வரும். பியூன் அதைக் கேட்டுவிட்டு, "ஃபைல் மேசையில இருக்காம் சார்," என்று ஒரு குத்துமதிப்பாகச் சொல்வார். பெரும்பாலும் மேசையில்தான் இருக்கும்.

சந்தையில்தான் வேடிக்கை முற்றியது. கையில் காப்பு, வாயில் புரியாத பேச்சு. கத்தரிக்காய்க்காரம்மா பதறிப்போய்க் கூடையை இறக்கிக் கும்பிட்டார். "சாமி எறங்கியிருக்குங்க! எம் மகளுக்கு எப்பக் கல்யாணம் ஆகும்னு கேட்டுச் சொல்லுங்க." டைப்பிஸ்டுக்குத் தமிழில் மறுக்க வழியில்லை. அன்றைய பாடத்தை, 'உப்பு குறைவாக இருக்கிறது' என்பதை, பர்மிய மொழியில் கம்பீரமாகச் சொன்னார். அந்தத் தை மாதமே மகளுக்குக் கல்யாணம் நடந்தது. அப்புறம் டைப்பிஸ்ட் எவ்வளவு நீட்டினாலும் அந்தம்மா கத்தரிக்காய்க்குக் காசு வாங்கவில்லை.

நாற்பத்தேழாம் நாள் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். பர்மாவில் இருபது வருஷம் கணக்குப்பிள்ளையாக இருந்த ஒருவரை ஆபீஸுக்கு அழைத்து வந்து பேசிப் பார்க்கச் சொன்னேன். பத்து நிமிஷம் பேசினார். பிறகு வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"நல்லாத்தான் பேசுறாரு. ஆனா அம்புட்டும் அடுப்பங்கரைப் பேச்சு! உக்காரு, சாப்புடு, கொழம்பு ஊத்து, உப்புப் போதுமான்னு கேக்குறாரு. பிரயாணம் சௌக்கியமா, ஊரு எப்படியிருக்குன்னு கேக்கத் தெரியலையே!"

டைப்பிஸ்ட் முகம் செத்துப்போனது. விடிந்தால் அந்தப் பெண் வந்துவிடுவாள். என் நாக்கில் சனி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் ஸ்டேஷனுக்கு நானும் போனேன். டைப்பிஸ்டும் அவர் மனைவியான அண்ணியும் பிளாட்பாரத்தில் நின்றார்கள். ஒரு தகரப் பெட்டியோடு அந்தப் பெண் இறங்கினாள். கப்பலும் ரயிலும் உலுக்கிப்போட்ட முகம். யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றாள். கணக்குப்பிள்ளையிடம் இரவோடு இரவாகக் கற்ற வரவேற்புரை டைப்பிஸ்டுக்கு மறந்தே போயிற்று. அடுப்பங்கரைதான் வந்தது.

"தமின் ஸா பீபீலா?"

சோறு சாப்பிட்டாயா என்று அர்த்தம். அந்தப் பெண் அவரையே பார்த்தாள். இல்லை என்று தலையாட்டினாள். பிறகு மடை திறந்ததுபோல் பேச ஆரம்பித்தாள். அதில் முக்கால்வாசி டைப்பிஸ்டுக்குப் புரியவில்லை. அவர் ஒவ்வொன்றுக்கும், "உட்கார், சாப்பிடு, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்," என்று பர்மிய மொழியிலேயே சொல்லிக்கொண்டிருந்தார். வெறும் பிளாட்பாரத்தில் பந்தி பரிமாறும் மனிதரைப் பார்த்து அவள் கண்ணீரோடு சிரித்துவிட்டாள்.

அண்ணி அவர் கையைப் பிடித்துக் காப்பை அவிழ்த்தார். நாற்பத்தெட்டு நாளுக்குப் பிறகு டைப்பிஸ்ட் பேசிய முதல் தமிழ் இதுதான்: "அது ஒண்ணும் சாப்புடலையாம். வெரசா நடங்க."

இரண்டு மாதம் கழித்துத் தம்பி வந்து இறங்கியபோது, மனைவி தவித்துக் கிடப்பாள் என்று பயந்துகொண்டே வீட்டுக்குள் நுழைந்தாராம். உள்ளே ஓரகத்திகள் இருவரும், குழம்புக்கு உப்புப் போதுமா என்று பர்மிய மொழியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நானும் பிற்பாடு இரண்டு பாஷைப் பரீட்சைகள் எழுதித் தேறினேன். ஆனாலும் ஊருக்குப் புதிதாக யார் வந்து திகைத்து நின்றாலும், என் வாயில் முதலில் வருவது ரங்கூன் டைப்பிஸ்டின் அந்த ஒரு கேள்விதான்.